செவிவழி வந்த நூல்கள்

கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் எங்கள் இல்லத்தில் படித்த நூல்களைக் காட்டிலும் கேட்ட நூல்களே மிகுதி. இப்படிச் சொல்வதில் எங்களுக்குச் சிறிது கூச்சம் இருந்ததுண்டு. நூலைக் கையில் எடுத்து, தாளைப் புரட்டி, பிடித்த இடத்தில் பென்சிலால் கோடிட்டுப் படித்து வளர்ந்தவர்களுக்கு, செல்பேசியில் யாரோ ஒருவர் படிக்க, நாம் காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்பது படிப்பாகுமா என்ற ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயம் எங்களுக்கு இன்னும் முழுவதும் தீர்ந்தபாடில்லை. ஆயினும் ஒலிநூல் எங்கள் வீட்டுக்குள் வந்தது பொழுதுபோக்குக்காக அன்று, வேறு வழியின்றி.

தில்லியில் கரோல் பாகில் வாழும் குடும்பம் எங்களுடையது. மூன்று தலைமுறையாக ஐந்து பேர். அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோனதால், எதிரே நிற்பவரின் தோளும் கதவின் விளிம்பும் தெரியும். முகம் தெரியாது, எழுத்து தெரியாது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் ஏதேனும் படித்துவந்தவருக்கு இது எத்தகைய சிறை என்பதை விளக்க வேண்டியதில்லை. குழந்தைகள் இருவருக்கும் கண் நன்றாகத் தெரியும். தமிழ் எழுத்து தெரியாது. வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், நாங்கள் பேசுவதெல்லாம் புரிகிறது. ஆனால் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் வடமொழியும் போக, தமிழுக்கு இடமும் நேரமும் இல்லை. நடுவில் நிற்கும் எங்கள் இருவருக்குக் கண்ணும் உண்டு, எழுத்தும் உண்டு, பொழுதுதான் இல்லை. ஒருவர் நொய்டாவுக்கு மெட்ரோவில் போய்வருகிறோம், மற்றவர் அதற்கு நேர் எதிர்த்திசையில். இந்த ஐவரும் சேர்ந்து ஒரு தமிழ் நாவலை அறிய வேண்டுமானால் அது காதின் வழியாகத்தான் வரவேண்டும் என்ற நிலை.

கேட்பது ஒன்றும் புதுமை அன்று என்று எங்களுக்கு நினைவூட்டியவரும் அம்மாவே. திருக்குறளில் நாற்பதாம் அதிகாரம் கல்வி, நாற்பத்தொன்று கல்லாமை, நாற்பத்திரண்டு கேள்வி. கல்லாமைக்கு அடுத்தபடியாகவே கேள்வியை வைத்தார் வள்ளுவர். ஆசிரியரிடம் பயில்வதைப் 'பாடம் கேட்டல்' என்றுதானே இன்றும் சொல்கிறோம்? உ. வே. சாமிநாதையர் 1940-ஆம் ஆண்டு தொடங்கி 1942-இல் தம் மறைவு வரை ஆனந்த விகடனில் எழுதிய 'என் சரித்திரம்' முழுவதும் இவ்வாறு பாடம் கேட்டவர்களின் கதை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாயால் செய்யுளைச் சொல்லிக்கொண்டே போக, மாணாக்கர் ஏட்டில் எழுதுவார்கள் என்பதை அதில் படிக்கிறோம். கிராமத்துத் திண்ணையில் எழுத்தறிந்த ஒருவர் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை உரக்கப் படிக்க, ஊரார் சுற்றி அமர்ந்து கேட்ட வழக்கமும் நெடுநாள் இருந்தது. தனியே அமர்ந்து வாய் திறவாமல் படிப்பதுதான், நம் மரபின் நீண்ட காலத்தை நோக்கினால், நேற்று வந்த பழக்கம்.

முதலில் கேட்டது 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்து, ஐந்து பாகங்களாக நூலுருப் பெற்றது. அம்மா சிறுமியாக இருந்தபோது, இதழ்ப் பக்கங்களைக் கிழித்துத் தைத்துவைத்த கட்டு ஒன்று அவர்கள் வீட்டில் இருந்ததாம். மணிரத்னத்தின் முதற் படம் 2022 செப்டம்பரில் வெளிவந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த குழந்தைகளிடம், இரண்டாம் படம் வருவதற்குள் கதையை முழுவதும் கேட்டு முடித்துவிட வேண்டும் என்று அம்மா ஆணையிட்டுவிட்டார். இரவு உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டோம். மூத்தவள் தன் செல்பேசியில் தனியாகக் கேட்டால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுவாள். அம்மாவுக்கோ இயல்பான வேகமே சற்று அவசரமாகத் தோன்றும். கூடத்தில் வைக்கும்போது பாட்டியின் வேகமே சட்டம் என்று முடிவாயிற்று.

கேட்கும்போதுதான் இந்நாவலின் கட்டமைப்பு எங்களுக்கு விளங்கியது. அத்தியாயம் முடியும் இடத்தில் எவரேனும் ஒருவர் திடுக்கிட்டு நிற்பார், அல்லது ஒரு நிழல் அசையும், அல்லது ஒரு கூக்குரல் கேட்கும். அச்சில் தொடர்ந்து படிக்கும்போது இவை சற்றே மிகையாகத் தோன்றியதுண்டு. நாளுக்கு இத்தனை அத்தியாயம் என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டபோதோ, வாரந்தோறும் காத்திருந்த வாசகரை நினைத்தே கல்கி எழுதினார் என்பது கண்கூடாயிற்று. இளையவன் ஒவ்வோர் இரவும் 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்று மன்றாடினான். எழுபது ஆண்டுகளுக்கு முன் அவன் பாட்டி அடுத்த இதழுக்காக இதே போல்தான் தவித்திருப்பார்.

பலர் குரல் கொடுத்து, இசையும் குதிரைக் குளம்பொலியும் சேர்த்து நாடகம் போல் அமைத்த ஒலிநூல்களும் உண்டு. ஒரே குரல் முழு நூலையும் படிப்பவையும் உண்டு. எங்கள் வாக்கு ஒற்றைக் குரலுக்கே. நாடகத்தில் வந்தியத்தேவனின் குரல் ஒன்றுதான், அது நடிகருடையது. ஒற்றைக் குரலிலோ ஐந்து பேருக்கும் ஐந்து வந்தியத்தேவர்கள் கிடைக்கிறார்கள். வாள்கள் மோதும் ஓசை வரும்போதெல்லாம் அம்மா, 'யாரோ பாத்திரம் தேய்க்கிற மாதிரி இருக்கு' என்பார்.

2023 ஏப்ரல் இறுதியில் இரண்டாம் படம் வந்தது. அரியணை யாருக்குப் போகிறது என்பதில் படம் நாவலிலிருந்து விலகிச் செல்வதை அனைவரும் அறிவர். சேந்தன் அமுதனுக்கு நாவல் அளித்த இடம் படத்தில் இல்லை. திரையரங்கிலேயே மூத்தவள் இதைக் கண்டுபிடித்து, வீடு திரும்பியதும் பாட்டியிடம் முறையிட்டாள். தமிழ் நாவல் ஒன்றைப் பற்றி எங்கள் வீட்டுப் பெண் கோபம் கொண்டு பேசியதை நாங்கள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். அம்மாவின் முகத்தில் தெரிந்த நிறைவு இருக்கிறதே, சோழ நாட்டையே வென்றவர் போல!

நாவல் தொடங்குவது ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில். அந்த வீராணம் ஏரியின் நீர் 2004-ஆம் ஆண்டு முதல் குழாய் வழியே சென்னைக்குச் செல்கிறது என்று சொன்னபோது குழந்தைகள் நம்பவில்லை. சென்னைக்கு ஏன் அவ்வளவு தொலைவிலிருந்து நீர் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டான் இளையவன். விடை சொல்வதற்குப் பதிலாக அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை எடுத்தோம். 1973-இல் வெளிவந்த சிறிய நூல். அதை எங்களில் ஒருவரே இரவுதோறும் படித்துக் காட்டினோம். அதுவும் ஒலிநூல்தானே, கட்டணம் இல்லாதது!

கல்கிக்குப் பின் அசோகமித்திரன் என்பது, விருந்துக்கு மறுநாள் கஞ்சி குடிப்பது போல. வருணனை இல்லை, திடுக்கிடல் இல்லை. சென்னைத் தெரு ஒன்றில் நீருக்காகக் குடத்துடன் அலையும் பெண்கள், வற்றிப்போன அடிகுழாய்கள், ஜமுனா, அவள் தங்கை சாயா. குழந்தைகள் எழுந்து போய்விடுவார்கள் என்றே நினைத்தோம். ஆனால் அது 2023 ஜூலை. 13-ஆம் தேதி யமுனை 208.66 மீட்டர் மட்டத்துக்கு உயர்ந்து, முன்பு எப்போதும் கண்டிராத அளவைத் தொட்டது. காஷ்மீரி கேட் வட்டாரம் நீரில் மிதந்தது. மெட்ரோ ரயில் ஆற்றுப் பாலத்தின்மேல் ஊர்ந்து சென்றது. வஜீராபாத், சந்திராவல், ஓக்லா ஆகிய மூன்று சுத்திகரிப்பு நிலையங்களும் வெள்ளத்தால் நிறுத்தப்பட்டதால், ஆறு கரைபுரண்டோடும் ஊரில் குழாயில் நீர் இல்லை. பகலில் குழந்தைகள் வாளியுடன் லாரிக்குக் காத்திருந்தார்கள்; இரவில் ஜமுனாவின் கதையைக் கேட்டார்கள். ஒரு சொல்லுக்கும் பொருள் கேட்கவில்லை. 'அவங்க பேரே நதிதானே?' என்று மட்டும் மூத்தவள் கேட்டாள். ஆம், நம் ஊர் ஓரமாக ஓடும் அதே நதிதான். அசோகமித்திரன் பல்லாண்டுகள் ஆசிரியப் பொறுப்பில் இருந்த 'கணையாழி' 1965-இல் இந்தத் தில்லியில்தான் தொடங்கப்பட்டது என்பதையும் சொல்லிவைத்தோம். அதில் அவளுக்கு அவ்வளவு ஈடுபாடு உண்டாகவில்லை.

இன்னொரு யமுனா தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளில் இருக்கிறாள். இதை ஒலிநூலாகக் கேட்டபோது எங்களுக்கு நேர்ந்த இன்பமும் துன்பமும் சமம். கும்பகோணத்துத் தெருப்பேச்சு காதில் விழும் சுகத்தை அச்சு ஒருநாளும் தராது. தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை வானொலியில் கழித்தவர் ஜானகிராமன். தில்லி வானொலியிலும் பணியாற்றியவர். அவருடைய உரையாடல்கள் செவிக்கென்றே பிறந்தவை. ஆனால் அதைப் படித்த குரல், ராகத்தின் பாவத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் அந்தச் சொல்லின் முதலெழுத்தை மெலிதாக ஒலித்து, தீவினை என்னும் பொருள்பட்ட பாவமாக்கிவிட்டது. அம்மா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். 'அந்த ராகம் என்ன பாவம் பண்ணிச்சு?' என்றார்.

நகைத்தோம் என்றாலும் இது சிறிய செய்தி அன்று. தமிழில் க, ச, ட, த, ப ஆகிய எழுத்துகள் சொல்லில் நிற்கும் இடத்துக்கேற்ப ஒலி மாறுபவை. தமிழ்ச் சொற்களில் அது தானாகவே அமைந்துவிடும். பிறமொழியிலிருந்து வந்த சொல்லில், படிப்பவர் அந்தச் சொல்லை முன்பே கேட்டிருந்தாலன்றி ஒலி சரியாக வராது. எழுத்தைப் பார்த்துப் படிப்பவருக்கு அங்கே காது துணை. காதால் மட்டுமே தமிழைப் பெறும் எங்கள் குழந்தைகளுக்கோ, படிக்கும் குரல் தவறினால் திருத்த வேறு துணை ஏது? லகர ளகர ழகரங்களும் அப்படித்தான். 'ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி' என்று தில்லியிலிருந்து ஒலித்த அந்தக் குரலைக் கேட்டு உச்சரிப்பைத் திருத்திக்கொண்ட தலைமுறை எங்களுடையது. அவர் 2022 ஆகஸ்டில் மறைந்தார். ஒலிநூல் வெளியிடுவோர் குரலின் இனிமையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த அளவுக்கு நாவின் திருத்தத்தையும் சோதிக்கலாம்.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976-இல் வந்தது. இதனை அம்மா இருமுறை கேட்டார். நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள், தெலுங்கு நாட்டிலிருந்து தம் மக்கள் அஞ்சி ஓடிவந்த கதையைச் சொல்கிறாள். சென்னாதேவி என்ற அழகியின் பொருட்டு ஒரு குலமே இரவோடிரவாக ஊரை விட்டுப் புறப்பட்டதையும், காடும் ஆறும் கடந்து கரிசல் மண்ணில் வந்து நின்றதையும் சொல்கிறாள். இது கண்ணால் படிக்க எழுதிய நூலே அன்று என்று தோன்றிற்று. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர் கி. ரா.; பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தவரும் அவரே. அவருடைய சொல்லில் எப்போதும் ஒரு வாய் இருக்கிறது.

இதைக் கேட்டு முடித்த இரவில் மூத்தவள் ஒரு கேள்வி கேட்டாள். கோபல்ல கிராமத்து மக்கள் இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்களா? பேசுகிறார்கள் என்றோம். தெலுங்கில் எழுதுகிறார்களா? பெரும்பாலோர் தமிழில்தான் எழுதுகிறார்கள், கி. ரா.வின் வீட்டு மொழியே தெலுங்குதான் என்றோம். 'அப்போ நாங்களும் அப்படித்தானே? வீட்டுல தமிழ், எழுதறது வேற' என்றாள். அவள் குரலில் குறையும் இல்லை, வருத்தமும் இல்லை. கணக்குப் போட்டு விடை கண்டவள் போலிருந்தாள்.

அன்றிரவு நாங்கள் இருவரும் வெகுநேரம் இதைப் பற்றிப் பேசினோம். ஒருவருக்கு அந்த விடை ஆறுதலாக இருந்தது. எழுத்து போனாலும் பேச்சு நிற்கும். தஞ்சை மராட்டியரும் பல தலைமுறைகளாக வீட்டில் மராட்டி பேசியே வாழ்கிறார்கள். மோகமுள்ளின் யமுனாவே தாய்வழியில் மராட்டியப் பெண்தானே. புகுந்த மண்ணின் மொழியில் ஒரு கி. ரா. தோன்றினால் அது யாருக்கு இழப்பு? மற்றவருக்கு அதே விடை அச்சமாக இருந்தது. கி. ரா.வின் முன்னோர் விட்டுவந்த தெலுங்கு நூல்கள் எத்தனையோ, அவை அவர்களுக்கு மூடிய கதவுகளாகவே போயின அல்லவா? இப்போது எந்த நூலை யார் குரல் கொடுத்து வெளியிடுகிறார்களோ அது மட்டுமே எங்கள் குழந்தைகளுக்குத் தமிழ் இலக்கியம். எவரும் படித்துப் பதிவு செய்யாத நூல் அவர்களைப் பொறுத்தவரை எழுதப்படாத நூலே. இந்த வாதம் எங்களுக்குள் முடியவில்லை. நம் சங்கத்து அன்பர்களின் இல்லங்களிலும் இது நடந்துகொண்டிருக்கும் என்றே எண்ணுகிறோம்.

எல்லா நூலும் காதுக்கு ஏற்றதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆதவனின் 'காகித மலர்கள்' தில்லித் தமிழ்க் குடும்பங்களின் கதை, 1977-இல் வந்தது. அதன் மாந்தர் பேசுவதைவிட, பேசும்போது தம்மைத் தாமே பார்த்துக்கொள்வது அதிகம். ஒரு வாக்கியத்தில் நின்று, திரும்பிப் போய், மீண்டும் வந்து படிக்க வேண்டிய எழுத்து அது. குரலோ நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். எங்களில் ஒருவர் அதைச் சில பக்கங்கள் வாய்விட்டுப் படித்துப் பார்த்து, பின்னர் மெட்ரோவிலேயே கண்ணால் படித்து முடித்தோம்.

அதே 1977-இல் வந்த அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' சென்ற குளிர்காலத்தில் எங்கள் கூடத்துக்கு வந்தது. அப்பா வாங்கிவைத்த பழைய பிரதி. செகந்திராபாதில் வளரும் சந்திரசேகரன் என்னும் தமிழ்ச் சிறுவன், ரயில்வேக் குடியிருப்பு, கிரிக்கெட், கல்லூரி, அதற்கிடையே நிஜாம் அரசின் இறுதி நாட்கள், ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் இந்தியப் படையின் வருகை. வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளையின் மனத்தை இவ்வளவு அருகில் சென்று காட்டிய நாவல் வேறொன்று எங்களுக்குத் தெரியாது. கதை சில இடங்களில் 'நான்' என்றும், சில இடங்களில் 'சந்திரசேகரன்' என்றும் மாறிமாறிச் செல்லும். வாய்விட்டுப் படிக்கும்போது அந்த மாற்றம் வருமிடத்தில் குரல் தடுமாறும். 'இப்போ யாரு பேசறது?' என்பான் இளையவன். யார் பேசுகிறார்கள் என்று அந்தச் சிறுவனுக்கே தெரியவில்லை என்பதுதான் கதையோ என்று எங்களுக்குத் தோன்றிற்று.

இந்நாவலின் இறுதியில் கலவரத்துக்கிடையே ஒரு வீட்டுக்குள் நிகழும் காட்சி ஒன்று உண்டு. படித்தவர் அறிவர், படியாதவர்க்கு நாங்கள் சொல்லப்போவதில்லை. அதனை எட்டியபோது எங்களில் படித்துக்கொண்டிருந்தவருக்குக் குரல் எழவில்லை. இளையவன் எதிரே உட்கார்ந்திருந்தான். நூலை மூடிவைத்து, இத்துடன் கதை முடிந்தது என்றோம். மூத்தவள் எங்கள் கையிலிருந்த நூலின் எஞ்சிய பக்கங்களைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் மாலை நூல் அவள் கையில் இருந்தது. பதினைந்து வயதுப் பெண், எட்டு மொழிப் பாடல்களைக் கேட்பவள், அந்தப் பக்கத்தின் முன் ஊமையாக உட்கார்ந்திருந்தாள். எங்களிடம் கேட்கவில்லை, கேட்டால் மறுப்போம் என்று தெரியும். பாட்டியிடம் போனாள். எழுத்தைக் காண இயலாதவரும் எழுத்தை அறியாதவளும் கட்டிலில் அருகருகே அமர்ந்து தொடங்கிய கல்வி அது. அவள் உருவத்தைச் சொல்வாள்: ஒரு சுழி, ஒரு வளைவு, கீழே ஒரு கால், தலையில் ஒரு புள்ளி. பாட்டி எழுத்தைச் சொல்வார். ஐயம் வந்தால் பேத்தியின் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவார். முதற் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது பாட்டி இட்ட நிபந்தனை.

நூல் 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. செல்பேசியில் அவள் தேடி எடுத்த எழுத்துப் பட்டியலில் இல்லாத வடிவங்கள் அதில் வந்தன. 'பாட்டி, இதுக்கு முன்னால யானைத் தும்பிக்கை மாதிரி ஒண்ணு இருக்கு' என்றாள் ஒருநாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். 'அது னை. இப்போ யாரும் அப்படி எழுதறதில்ல. எங்க காலத்து னை' என்றார்.

இதை எழுதும் இவ்வேளையில் அவள் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறாள். நாளுக்கு அரைப் பக்கம், பள்ளித் தேர்வு வந்தால் அதுவும் இல்லை. இறுதி அத்தியாயத்துக்கு இன்னும் நெடுந்தொலைவு இருக்கிறது. அவள் அங்கே போய்ச் சேருவதற்குள், அதைப் பற்றி அவளிடம் எப்படிப் பேசுவது என்று நாங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.